ஆணி அடிக்காத பன்னிரண்டு நாட்கள்

வெள்ளிக்கிழமை மதியம் டாக்டர் பாங் என் உடம்பில் பதினான்கு ஊசிகளோடு நிறுத்திக்கொண்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார். வழக்கமாக எனக்கு இருபத்தொன்று. இந்தக் கணக்கில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. ஏழு மாதமாக வாரத்துக்கு இரண்டு முறை, முப்பது நிமிடம் அசையாமல் மல்லாந்து கிடக்கிறவளுக்குக் கூரையில் உள்ள விரிசலைப் பார்ப்பதையும் ஊசியை எண்ணுவதையும் தவிர வேறு என்ன வேலை? அன்றைக்கு அடிவயிற்றில் குத்தும் மூன்றும் இல்லை. உள் கணுக்காலுக்கு நாலு விரல்கடை மேலே, இரண்டு காலிலும் இல்லை. கடைசியாகக் கையைப் பார்த்தேன். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதைமேட்டில், இடது கையிலும் இல்லை, வலது கையிலும் இல்லை.

எங்கள் ஊரில் ஊசி வைத்தியம் படிக்காதவர்களுக்கும் அந்த இடம் தெரியும். தலைவலி வந்தால் அங்கே அழுத்திக் கிள்ளு, வயிற்றில் பிள்ளை இருந்தால் கையே வைக்காதே. பிள்ளையைக் கீழே தள்ளிவிடுகிற இடம் அது என்று மீன் கடையில் நிற்கிறவர்கள்கூடச் சொல்வார்கள். என் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் மேலே இருந்த ஊசிகள் நடுங்கியிருக்கும். எழுந்து உட்காரலாம் என்றால் முடியாது. கத்தலாம் என்றால் அறையில் ஆறு கட்டில், ஆறிலும் ஆள். பாதத்தைச் சூடாக்க வைத்திருந்த சிவப்பு விளக்கைப் பார்த்தபடி, மூச்சு விடுவதற்கே பயந்துகொண்டு கிடந்தேன்.

பக்கத்துக் கட்டில் யுக்லினுக்கு. முப்பத்தொரு வயது, பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். அவளும் என்னைப் போலப் பிள்ளைக்காக வருகிறவள்தான், நான்கு மாதமாக. திரைச்சீலையை வயிறு வரைக்கும்தான் இழுத்து விடுவார்கள், கையும் தலையும் எல்லோருக்கும் தெரியும். அவள் கழுத்தைத் திருப்பி என் கையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவள் கண் பெரிதாகிக்கொண்டே போனது.

"அக்கா... உங்க கையில..."

"வாயை மூடு."

"இல்லக்கா, ரெண்டு கையிலயும்..."

"யுக்லின், மூணு மாசத்துக்கு இதைப் பத்தி யாரும் பேசக் கூடாதுன்னு உங்க அம்மா சொல்லிக் குடுக்கலையா? மூடு."

அவள் மூடிக்கொண்டாள். ஆனால் சும்மா இருக்கவில்லை. ஊசி ஏற்றிய கையை அசைக்காமல், சுண்டு விரலை மட்டும் என் பக்கமாக ஆட்டிக் காட்டினாள். நானும் பதிலுக்கு என் சுண்டு விரலை ஆட்டினேன். டாக்டரிடம் நேராகக் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். கேட்க மாட்டோம். மூன்று மாதம் முடியும்முன் வாய்விட்டுக் கேட்டால் வந்தது கோபித்துக்கொண்டு போய்விடும் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். டாக்டரும் நாடி பார்த்தே கண்டுபிடித்து, அதனால்தான் ஒன்றும் சொல்லாமல் ஊசியை மட்டும் ஒதுக்கியிருக்கிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். எனக்கு அதில் துளியும் சந்தேகம் வரவில்லை.

எனக்கு முப்பத்தெட்டு. கல்யாணமாகி ஒன்பது வருடம். பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில் சோதனைக்குழாய் முறையில் இரண்டு தடவை முயன்று பார்த்தோம், இரண்டும் தங்கவில்லை. என் கணவன் ஆ-ஹோயையும் என்னையும் தலைகீழாகச் சோதித்துவிட்டு, கடைசியில் காரணம் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் டாக்டர் பாங். முதல் நாளே அவர் கறாராகச் சொல்லிவிட்டார். "ஊசி பிள்ளை குடுக்காது. நல்லாத் தூங்க வைக்கும், காலைச் சூடா வைக்கும், மனசை அடக்கும். மத்ததை உன் உடம்பு பாத்துக்கணும். ஆஸ்பத்திரியில ஸ்கேன் பாக்கறதையும் விட்டுடாத." அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துப்போனது. காலையில் எழுந்ததும் வெப்பமானியை வாயில் வைத்து எழுதச் சொல்லி ஒரு நோட்டும் கொடுத்தார். நாங்கள் அரிசிச் சுருள் கடைக்காரர்கள். விடியும்முன் எழுந்து மாவரைத்து, ஆவித் தட்டுக்கு முன்னால் நிற்கிறவளுக்கு எந்த வெப்பம் உடம்பினுடையது, எந்த வெப்பம் அடுப்பினுடையது? நோட்டைப் பார்த்துவிட்டு, "இது என்ன, மலைப்படமா?" என்று கேட்டார். மாதக்கணக்கும் அப்படித்தான். இருபத்தெட்டாம் நாளும் வரும், நாற்பதாம் நாளும் வரும், மனம்போலத்தான்.

போன வசந்தத்தில் ஆ-ஹோயிடம் நானே சொன்னேன், நடு இலையுதிர் நிலா விழா வரைக்கும் பார்ப்போம், அதற்குமேல் வேண்டாம், விட்டுவிடலாம் என்று. ஒவ்வொரு மாதமும் எதிர்பார்த்து ஒவ்வொரு மாதமும் கழிவறையில் உட்கார்ந்து அழுகிற வேலை எனக்கு அலுத்துவிட்டது. அவன் சரி என்றான். நான் வேண்டும் என்றாலும் சரி என்பான், வேண்டாம் என்றாலும் சரி என்பான். விழாவுக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தபோதுதான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

கடைக்குத் திரும்பியதும் அவனைச் சமையல் மூலைக்கு இழுத்துப்போய்ச் சொன்னேன். ஆவித் தட்டைப் பிடித்திருந்தவன் அப்படியே நின்றுவிட்டான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தட்டில் இருந்த சுருள் வெந்து, மேலும் வெந்து, கடைசியில் செருப்புத் தோல் மாதிரி ஆகிவிட்டது. வெளியே ஒரு வாடிக்கையாளர் மேசையைத் தட்டினார்.

"யார்கிட்டயும் சொல்லாத," என்றேன்.

"நான் என்னைக்கு யார்கிட்ட என்ன சொல்லியிருக்கேன்?"

அது உண்மைதான். ஆ-ஹோய்க்குப் பேச்சென்றாலே மூட்டை தூக்குகிற வேலை மாதிரி. ஆனால் அன்று சாயங்காலம் ஒரு புயலின் வால் எங்கள் ஷுண்டே பக்கமாக அடித்துவிட்டுப் போனது. கடைப் பலகையைப் பிடித்திருந்த ஆணிகளில் ஒன்று பிடுங்கிக்கொண்டு, பலகை ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது. என் மாமியார் உள்ளேயிருந்து சுத்தியலும் ஆணி டப்பாவுமாக வந்து மகன் கையில் திணித்தார். அவன் வாங்கிப் பார்த்தான். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"அம்மா, ஆணி வேணாம்."

அவ்வளவுதான் சொன்னான். எங்கள் பக்கத்தில் இதைவிடத் தண்டோரா வேறு வேண்டாம். கருத்தரித்த வீட்டில் மூன்று மாதத்துக்குப் பிள்ளையின் உயிர் வயிற்றுக்குள் மட்டும் இருப்பதில்லை, சுவரில் இருக்கும், கட்டிலில் இருக்கும், கதவு மூலையில் இருக்கும், எங்கே என்று தெரியாது. அதனால் ஆணி அடிக்க மாட்டோம், பீரோ நகர்த்த மாட்டோம், கட்டில் மேல் கத்தரிக்கோல் வைக்க மாட்டோம். என் மாமியார் மகனைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை, வேண்டுமென்றே பார்க்கவில்லை. சுத்தியலைத் துணியில் சுற்றி அலமாரிக்கடியில் வைத்தார். குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரிதான் வைத்தார். "ஆமாமா, எதுக்கு ஆணி? கயிறு போதும்," என்று சிவப்பு பிளாஸ்டிக் கயிற்றை எடுத்துவந்து தானே முக்காலியில் ஏறிப் பலகையைக் கட்டினார். கட்டிய பிறகும் பலகை கோணல்தான். அதைவிட அழகான பலகை தெருவிலேயே இல்லை என்பதுபோல நின்று பார்த்தார்.

மறுநாளிலிருந்து வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாடுதான் பேசியது. பார்லித் தண்ணீர் காணாமல் போனது. தர்பூசணி காணாமல் போனது. கறுப்புத் தோல் கோழியும் சிவப்பு இலந்தையும் போட்ட சூப் நாள் தவறாமல் வந்தது. நண்டுக் காலம், ஊரே நண்டு உடைத்துக்கொண்டிருக்கிறது, எனக்கோ நண்டென்றால் உயிர். "இந்த வருஷம் நண்டே சரியில்லையாம்," என்றார் மாமியார், பக்கத்து மேசை வாடிக்கையாளர் கையில் நண்டுக் கூடையோடு உட்கார்ந்திருக்கும்போதே. நண்டு குளிர்ச்சி, கர்ப்பிணிக்கு ஆகாது. மாவு வாளியை நான் தூக்கப் போனால் எங்கிருந்தோ பறந்துவந்து பிடுங்கிக்கொள்வார். "எனக்கு முதுகு பிடிச்சிருக்கு, குனிஞ்சு நிமிர்ந்தாத்தான் சரியாகும், நீ குடு." முதுகு பிடித்தவர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே.

கடைக்கு வருகிறவர்கள் அந்தச் சிவப்புக் கயிற்றை ஒரு பார்வை பார்ப்பார்கள், பிறகு உட்கார்ந்து சுருள் கேட்பார்கள். இத்தனை வருடமாக எங்கள் தெருவில், "ஆ-சான், இன்னும் ஒண்ணும் விசேஷம் இல்லையா?" என்று கேட்காமல் யாரும் காசு கொடுத்துவிட்டுப் போனதில்லை. அந்த வாரம் ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது, காரணத்தை நான் யோசிக்கவில்லை. என் யோசனையெல்லாம் வேறு. கல்லாப்பெட்டிக்கு அடியில் முன்பு வாங்கி மிச்சமான கர்ப்பச் சோதனைப் பட்டைகள் நான்கு கிடந்தன. இத்தனை வருடத்தில் ஒற்றைக் கோடு பார்த்துப் பார்த்து எனக்குக் கோடு என்றாலே ஆகாது. பார்க்காத வரைக்கும் இருக்கிறது என்றுதானே அர்த்தம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மாவு கரைக்கும்போது என்னையறியாமல் பாட்டு வந்தது. பயமாகவும் இருந்தது. இந்தத் தடவை விழுந்தால் பழைய உயரத்திலிருந்து விழ மாட்டோம், இன்னும் மேலேயிருந்து விழுவோம் என்று நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் பாடினேன்.

செவ்வாய்க்கிழமையும் எனக்குப் பதினான்கு ஊசிதான். அடுத்த வெள்ளிக்கிழமை யுக்லின் கையிலும் ஊசி இல்லை. அவள் முதலில் கவனிக்கவில்லை, நான்தான் கவனித்தேன். "யுக்லின், கையைப் பாரு," என்றேன். பார்த்தாள். கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் இறங்கியது, துடைக்கக் கை தூக்க முடியாது. கட்டிலுக்குக் கட்டில் நாலு அடி. இரண்டு பேரும் ஊசியோடு கிடந்தபடி சுண்டு விரலை மட்டும் ஆட்டிக்கொண்டோம். இரண்டு பிள்ளைகளும் ஒரே வருடத்தில் பிறக்கும், ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கும், அவளே பாட்டுச் சொல்லிக் கொடுப்பாள் என்று வீட்டுக்குப் போகும் வழியில் திட்டம் போட்டோம். மூன்று மாதம் பேசக் கூடாது என்று சொன்னவள் நான்தான். ஆனால் சாலையில் பேசினால் அது கணக்கில் வராது என்று அவள் சொன்னாள், எனக்கும் அது சரியாகப் பட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மூன்றாவது கட்டிலில் ஃபோங் சித்தி படுத்திருந்தார். சந்தையில் மீன் விற்பவர், ஐம்பத்தாறு வயது, தோள்பட்டை வலிக்காக வருகிறவர். ஊரில் அவரை நாங்கள் எல்லோரும் சித்தி என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குத் தோளில் எட்டு, வலது கையில் ஒன்று என்பது வழக்கம். டாக்டர் பாங் தோளில் குத்திவிட்டு, அவர் வலது கையைத் தூக்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, ஊசி போடாமல் கீழே வைத்துவிட்டுப் போனார். யுக்லின் என்னைப் பார்த்தாள். நான் யுக்லினைப் பார்த்தேன். இரண்டு பேரும் சித்தியின் கையைப் பார்த்தோம்.

"என்னடி, ரெண்டு பேரும் என் கையையே பாக்கறீங்க? மோதிரம் வாங்கித் தரப்போறீங்களா?"

"சித்தி," என்று யுக்லின் மெதுவாக ஆரம்பித்தாள். "உங்க கையில ஊசி இல்ல."

"இல்லன்னா?"

"இல்லன்னா... எங்களுக்கும் இல்ல."

சித்திக்கு ஒரு நொடி ஆனது. பிறகு புரிந்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பி, வயிறு குலுங்கி, தோளில் இருந்த எட்டு ஊசியும் ஆட ஆரம்பித்தன. "ஐயோ! ஐம்பத்தாறு வயசுல! எங்க வீட்டுக்காரன் காதுல விழுந்தா ஊரை விட்டே ஓடிடுவானே!" டாக்டர் பாங் உள்ளே ஓடிவந்தார். "சிரிக்காதீங்க, ஊசி வளைஞ்சிடும், சிரிக்காதீங்கன்னா!" சித்தியால் நிறுத்த முடியவில்லை. "டாக்டர், இதுங்க என்னைப் பிள்ளைத்தாச்சி ஆக்கிடுச்சுங்க! காலையில கெண்டை மீன் முள்ளு குத்திக் கை வீங்கியிருக்குன்னு சொல்லுங்க டாக்டர், இதுங்க தொட்டில் வாங்கிட்டு வந்துடப் போகுதுங்க!"

அறையே சிரித்தது. ஆறாவது கட்டிலில் எப்போதும் தூங்குகிற பெண்கூட எழுந்துகொண்டாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே என் கையை ஒருமுறை பார்த்தேன்.

"டாக்டர்," என்றேன். "எனக்கு மீன் முள்ளு குத்தலையே."

சிரிப்பு நின்றுவிட்டது. டாக்டர் பாங் என் கட்டிலருகே வந்தார். முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார், யுக்லினின் கையைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார்.

"எத்தனை நாளா இப்படி நினைச்சிட்டிருக்கே?"

"பதினோரு நாளா."

"அடப்பாவமே." முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "போன மாசம் குவாங்சோவுல ஒரு பயிற்சிக்குப் போனேன். அங்க பெரியவங்க ஒருத்தர் சொன்னாங்க, பிள்ளைக்காக வர்றவங்களுக்கு கருமுட்டை வெளிய வந்த பிறகு, அடுத்த தீட்டு வர்ற வரைக்கும் அந்த இடங்களைத் தொடாதீங்கன்னு. நல்ல பழக்கமாப் பட்டுச்சு. இந்த மாசத்துலயிருந்து எல்லாருக்கும் அப்படித்தான் பண்றேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். என் தப்பு."

"அப்ப நாடியில...?"

"இவ்வளவு சீக்கிரம் நாடி பிடிச்சு எவனாவது சொன்னா அவன் பொய் சொல்றான். இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாதும்மா. இருந்தா அதுக்குத் தொந்தரவு வேணாமேன்னு இடம் விட்டேன். அவ்வளவுதான்."

பிறகு யுக்லின் சின்னக் குரலில் சொன்னாள், "நான் ஸ்கூல்ல நாற்காலி மேல ஏறித் தோரணம் கட்ட மாட்டேன்னு சொல்லிட்டேன். பிரின்சிபால் எனக்கு வாழ்த்துச் சொல்லிட்டாரு." சித்தி மறுபடியும் குலுங்க ஆரம்பித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. டாக்டர் பாங் தலையில் கைவைத்துக்கொண்டு, எங்கள் மூன்று பேருக்கும் நேரத்துக்கு முன்னாலேயே ஊசிகளைப் பிடுங்கி, "போங்க, வெளிய போய்ச் சிரிங்க," என்று துரத்திவிட்டார்.

மூலைக் கடையில் இஞ்சிப்பால் வாங்கித் தந்தது சித்தி. சூடாக, கட்டியாக உறைந்து, தொண்டையைச் சுட்டுக்கொண்டு இறங்கியது. யுக்லின் சிரித்துச் சிரித்து, நடுவில் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று தெரியவில்லை. சித்தி வீங்காத கையால் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். "எனக்கு முதல் பிள்ளை ஆறு வருஷம் கழிச்சு. அப்புறம் மூணு, வேணாம் வேணாம்னாலும் கேக்கல," என்றார். ஆறுதலா குத்தலா என்று கேட்டேன். "ரெண்டும்தான், பாலைக் குடி," என்றார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் ஆ-ஹோயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாமியார் உள்ளே கோழி சூப்பைக் கலக்கிக்கொண்டிருந்தார், கலக்கும் சத்தம் நின்றதில் அவரும் கேட்கிறார் என்று தெரிந்தது. ஆ-ஹோய் கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தான்.

"டாக்டர் இல்லைன்னு சொல்லலையே," என்றான்.

"இருக்குன்னும் சொல்லல."

"இருந்தாலும் இருக்கலாம்னுதானே இடம் விட்டிருக்காங்க?"

"ம்."

"அப்ப கயிறு அப்படியே இருக்கட்டும்."

உள்ளே மறுபடியும் சூப் கலக்கும் சத்தம் கேட்டது. எனக்கு அழுகை வந்தது. முப்பத்தேழாவது நாள் அது. எனக்கு நாற்பது வரைக்கும் போகும் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். தெரிந்த இரண்டு பேரும் அந்தச் சூப்பைக் கடைசிச் சொட்டுவரை குடித்தோம்.

மறுநாள், புதன்கிழமை, காலைக் கூட்டம் ஓய்ந்து பத்து மணி இருக்கும். கழிவறைக்குப் போனேன். வந்திருந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வழக்கமாக அழுவேன், அன்றைக்கும் அழுதேன், ஆனால் சீக்கிரம் முடிந்துவிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். ஆ-ஹோய் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அவன் கையைத் துடைத்தான். என் தோளில் கை வைத்தான், கனமான கை, மாவு வாசம். ஏதாவது சொல்வான் என்று பார்த்தேன். சொல்லத் தெரிந்திருந்தால் அவன் ஆ-ஹோயாக இருந்திருக்க மாட்டான். அலமாரிக்கடியில் குனிந்து துணிச் சுற்றை எடுத்துப் பிரித்தான். ஏணியை வெளியே சாத்தினான். சிவப்புக் கயிற்றை அறுத்துவிட்டுப் பலகையைத் தோளால் தூக்கி நிறுத்தி, முதல் ஆணியை அடித்தான். பன்னிரண்டு நாள் கழித்து எங்கள் வீட்டில் விழுந்த முதல் அடி. சுவர் அதிர்ந்து, பாத்திரங்கள் கலகலத்தன. தேவைக்கு மேலேயே பலமாக அடித்தான். அவனுக்கு அழுவதற்கு அதுதான் வழி என்று எனக்குப் புரிந்தது. ஆணி டப்பாவை எடுத்துக்கொண்டு போய் ஏணிக்குக் கீழே நின்றேன்.

மாமியார் வாசலுக்கு வந்தார். பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பன்னிரண்டு நாளாக என்னை நேராகப் பார்க்காதவர், அன்றைக்குப் பார்த்தார். என் கன்னத்தில் ஒட்டியிருந்த மாவைப் பெருவிரலால் துடைத்துவிட்டார்.

"மதியத்துக்கு நண்டு வாங்கிட்டு வரேன்," என்றார்.

"இந்த வருஷம் நண்டு சரியில்லைன்னீங்களே அத்தை?"

"நேத்தோட சரியாயிடுச்சு." மகனை நிமிர்ந்து பார்த்து, "டேய், அதை முடிச்சிட்டு அந்தப் பீரோவையும் நகத்திக் குடு. பின்னால எலி செத்துக் கிடக்கு, நாலு நாளா நாத்தம். நான் வாயைத் திறக்கல," என்றார்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு க்வோக் அண்ணன் வெளியே வந்தார். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஊருக்கெல்லாம் ஏசி மாட்டிக் கொடுப்பவர். பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது, கையில் பனையோலை விசிறி. பலகையைப் பார்த்தார், சுத்தியலைப் பார்த்தார், முகம் தொங்கிப்போனது.

"ஆணிச் சத்தம் கேட்டுது," என்றார்.

"ஆமாண்ணே."

"கஷ்டமா இருக்கும்மா, ஆ-சான்."

"பரவால்லண்ணே."

அவர் போகவில்லை. விசிறியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "தப்பா நினைச்சுக்காத. இப்படி நேரத்துல கேக்கக் கூடாது... நான் என் ஏசியை மாட்டிக்கலாமா?"

"ஏசியா?"

"வாங்கிப் பதினஞ்சு நாளாச்சு. பெட்டியிலயே கிடக்கு. உங்க பக்கத்துச் சுவருல துளை போடணும். கயிறு கட்டினதைப் பாத்ததும் நிறுத்திட்டேன். மூணு மாசம்தானே, பொறுத்துக்கலாம்னு எங்க வீட்ல சொல்லிட்டா. மொட்டை மாடியிலதான் படுக்கறோம். கொசு பிடுங்குது." விசிறியால் தெருவைக் காட்டினார். "மாடி வீட்ல புதுக் கட்டிலை இன்னும் பிரிக்கல. எதிர்ல தையல்காரர் அலமாரி அடிக்க ஆள் கூப்பிட்டு, வந்தவனைத் திருப்பி அனுப்பிட்டாரு. யாரும் சொல்லிக்கல. எல்லாரும் பாத்தோம்ல கயித்தை."

நான் தெருவைப் பார்த்தேன். எதிர்க்கடையில் தையல்காரர் ஊசியும் நூலுமாக வாசலில் நின்றிருந்தார், என் கண்ணைச் சந்தித்ததும் நூலைப் பார்த்துக்கொண்டார். மாடிச் சன்னலில் ஒரு தலை தெரிந்தது. பன்னிரண்டு நாளாக ஒரு தெருவே எனக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறது, இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாத ஒன்றுக்காக. எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. இரண்டையும் நிறுத்த நான் முயலவில்லை.

"மாட்டுங்கண்ணே," என்றேன். "இன்னைக்கே மாட்டுங்க."

"எவ்வளவு நாள் டைம் இருக்கு? சொன்னா மத்த வேலையையும் சேத்து முடிச்சிடுவேன்."

தலைக்கு மேலே சுத்தியல் நின்றுவிட்டது. நிலா விழாவுக்கு நான்கு நாள் இருந்தது, அதோடு விட்டுவிடலாம் என்று சொன்னவள் நான்தான். ஆ-ஹோய் ஏணியிலிருந்து குனிந்து என்னைப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. மாமியார் சந்தைக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, எங்கேயோ பார்க்கிற மாதிரி நின்றார். நான் கையிலிருந்த ஆணிகளைப் பார்த்தேன்.

"பத்து நாள்," என்றேன். "பத்து நாளுக்குள்ள முடிச்சிடுங்க. அதுக்கப்புறம் எங்க சுவர்ல கை வைக்கக் கூடாது."

க்வோக் அண்ணன் முகம் மலர்ந்தது. தெருப் பக்கம் திரும்பி, வாயருகே கையைக் குவித்து, "பத்து நாள்தானாம்!" என்று கத்தினார். மாடிச் சன்னல் தலை உள்ளே போனது. உடனே மேலே கட்டிலை இழுக்கும் சத்தம் கேட்டது. தையல்காரர் செல்பேசியில் யாரையோ, "டேய், அந்தப் பலகையெல்லாம் எடுத்துட்டு ஓடி வாடா," என்று விரட்டிக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் எங்கள் சுவரின் மறுபக்கத்திலிருந்து துளைக்கருவி அலற ஆரம்பித்தது. கடைக்குள் அடுக்கியிருந்த கிண்ணங்கள் எல்லாம் நடுங்கின, கூரைத் தூசி எங்கள் தலையில் உதிர்ந்தது. ஆ-ஹோய் மேலேயிருந்து ஏதோ சொன்னான். அந்தச் சத்தத்தில் ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. அவன் சிரித்துக்கொண்டு கையை நீட்டினான், நான் எக்கி அடுத்த ஆணியைக் கொடுத்தேன்.